குறுக்கே வெட்டிய பூஞ்சை

அம்மா சாவாளை நறுக்கிக்கொண்டிருந்தாள். வெள்ளி நாடா போல நீண்டு தட்டையாக இருக்குமே, அந்த மீன். அரிவாள்மணையில் குறுக்கே வெட்டுப்பட்டுச் சட்டியில் விழுந்தவை சப்பை வட்டங்களாகக் கிடந்தன. முழு மீனைப் பார்க்காத யாரும் அதற்கு இவ்வளவு நீளம் உண்டென்று சொல்லமாட்டார்கள். முந்தின நாள் மைக்ராஸ்கோப்பில் பார்த்த வட்டங்கள் அப்போதுதான் எனக்குப் புரிந்தன.

"இன்னாடி மீனையே மொறைக்கற? கொழம்புக்கா, உன் ஆஸ்பத்திரிக்கா?"

"ரெண்டுக்கும்தாம்மா." வண்டிச் சாவியை எடுத்தேன்.

"சோறு?"

"வந்து துன்றேன்."

"அதுக்குள்ள அது கடலுக்கே நீந்திப் பூடும், போ."

வில்லியனூர்ப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் பேத்தாலஜி படிக்கிறேன். நோயாளியின் உடம்பிலிருந்து எடுத்த சதையை மெழுகில் பதித்து, மெல்லிய ஏடாகச் சீவி, சாயம் போட்டு, நோய் என்னவென்று சொல்லும் வேலை. குருவிநத்தத்துக் கரும்பு விவசாயி ஒருவர் சளியில் ரத்தம் வருகிறதென்று அங்கே சேர்ந்திருந்தார். நெடுநாள் சர்க்கரை வியாதி. அவர் நுரையீரலிலிருந்து ஊசி வழியாக எடுத்த துணுக்கில் பூஞ்சை இருந்தது. எந்தப் பூஞ்சை என்பதுதான் கேள்வி. உருண்டையான ஈஸ்ட் வகையென்றால் மாத்திரைக்கே கேட்கக்கூடும். நாடா போல நீண்டு வளரும் மியூக்கர் வகையென்றால் அந்த மாத்திரை ஒன்றும் செய்யாது. வேறு ஊசிமருந்து வேண்டும், கெட்ட பகுதியை அறுத்து எடுக்கவும் வேண்டும். தாமதித்தால் ஆள் மிஞ்சமாட்டார். வட்டங்களைப் பார்த்து, எங்கள் முதல் ஊகம் ஈஸ்ட்டாக இருந்தது. ஆனால் ஈஸ்ட்டில் இருக்கவேண்டிய மொட்டு ஒன்றிலும் இல்லை. எல்லாமே நசுங்கின வட்டங்கள். நீளமான எதையோ குறுக்கே வெட்டியிருக்கிறோம் என்று வண்டி ஓட்டும்போதே எனக்கு உறுதியாகிவிட்டது.

அன்றைக்கு லேப் டூட்டியில் என் வயசு டெக்னீஷியன் ஒருவன். விஷயத்தைச் சொன்னேன்.

"சண்டேல கூட வுட மாட்டியா? இன்னும் ஆழமா சீவணுமா? மிச்சம் இருக்கறதே எள்ளு முனை. தப்பா போச்சுன்னா வெறும் மெழுகுதான் பாத்துக்க."

"தப்பா போவாதுபா. நீதான சீவற."

"ஐஸ் வைக்காத," என்றவன், மெழுகுக் கட்டியை உண்மையாகவே ஐஸ் மேல் வைத்துக் குளிரவிட்டான். எங்கள் பேராசிரியர் மேடத்திடம் போனில் அனுமதி வாங்கினேன். அவன் சீவும் கருவியின் கைப்பிடியைச் சுற்ற, கத்தியிலிருந்து ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ரிப்பனாக இறங்கின. தூரிகை நுனியால் தொட்டு வெந்நீரில் மிதக்கவிட்டான். ஒன்றுகூடச் சுருங்கவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன். அவனோ ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

வெள்ளிச் சாயம் போட்டால் பச்சைப் பின்னணியில் பூஞ்சை கறுப்பாகத் தெரியும். லென்ஸைத் திருப்பினேன். வட்டங்கள், வட்டங்கள், பிறகு ஒரு ஓரத்தில் அது. அகன்ற நாடா. தடுப்புச் சுவரே இல்லாமல் ஓடி, ஒரு இடத்தில் முறுக்கி மடிந்து, கிட்டத்தட்ட செங்குத்தாக ஒரு கிளை விட்டிருந்தது. ஆஸ்பர்ஜில்லஸ் என்ற இன்னொரு பூஞ்சை இப்படி இருக்காது. மெலிந்து, கணுக்கணுவாக, கவை போலப் பிரியும். அதுவும் அழகுதான். ஆனால் இது ரத்தக்குழாயின் சுவரையே துளைத்துக்கொண்டு உள்ளே போயிருந்தது. ஒரு மனுஷனைக் கொல்ல வந்ததைப் பார்த்து வியப்பது சரியா, தெரியவில்லை. வியந்தேன்.

அவனும் குனிந்து பார்த்தான். "நூடுல்ஸ் மாதிரி கீது," என்றான்.

மேடம் வந்து பார்த்து மியூக்கர் என்று ரிப்போர்ட் கொடுத்தார்கள். அன்று மாலையே ஊசிமருந்து ஏறத் தொடங்கியது. அது நேற்று. நாளைக் காலை ஆபரேஷன்.

உருவத்தை வைத்துக் குடும்பத்தைச் சொல்லலாம். அதற்குள் எந்த இனம் என்பதற்குப் பூஞ்சையை வளர்த்துப் பார்க்கவேண்டும். இன்று வார்டில் அந்த விவசாயியிடம் அதைச் சொன்னேன்.

"நான் நட்ட கரும்பே சரியா மொளைக்கல," என்றார் அவர். "இது மட்டும் நெஞ்சுல மொளைச்சிகீது. வளத்துப் பாரு பாப்பா. தண்ணி மட்டும் என்னாண்ட கேக்காத."

மியூக்கரை வளர்ப்பது லேசில்லை. சதையை அரைத்தால் இழை நசுங்கிச் செத்துவிடும். அதனால் நாளை ஆபரேஷன் தியேட்டர் வாசலில் சலைன் பாட்டிலோடு நானே நிற்கப்போகிறேன். வெட்டியெடுத்ததில் கொஞ்சத்தை, பூஞ்சையைக் கொன்றுவிடும் ஃபார்மலினில் போடாமல் வாங்கி, அரைக்காமல் பொடிப்பொடியாக நறுக்கி, இந்தப் பூஞ்சை விரும்பி வளரும் ரொட்டியில் கிருமி நீக்கிய ஒரு துண்டின்மேல் வைத்துப் பார்க்கவேண்டும்.