ஐந்தடிக்கு நாலடி சலவையறை

எங்கள் ஆஸ்பத்திரியில் அவரை எல்லோரும் லாண்ட்ரி அக்கா என்றுதான் கூப்பிடுவோம். டாக்டர்கள்கூட அப்படித்தான். அடித்தளத்தில் இருந்த சலவைக்கூடத்தில் இருபத்துமூன்று வருடம் வேலை பார்த்தவர். நான் மேலே அலுவலகத்தில் குமாஸ்தா. அவருடைய லீவு லெட்டர்களை வாங்கி ஃபைலில் வைத்தவன் நான்தான். கடைசியில் அவரை வீட்டுக்கு அனுப்பிய கடிதத்தை டைப் அடித்தவனும் நான்தான். அதனால் இதைச் சொல்ல எனக்கு அருகதை உண்டோ இல்லையோ, சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

குள்ளமான உருவம், அதற்குப் பொருந்தாத பெரிய கைகள். ஈரத் துணிமூட்டையை ஒரு தூக்குத் தூக்கிவிட்டு, பதினெட்டு கிலோ என்பார். தராசில் வைத்தால் அரை கிலோ முன்னே பின்னே இருக்கும். எந்தக் கறைக்கு வெந்நீர் ஆகாது, எந்தச் சத்தம் வந்தால் பெல்ட் அறுந்துபோகும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. மெஷின் விற்க வருகிற கம்பெனி ஆட்கள் எங்கள் மேலதிகாரியிடம் மணிக்கணக்காகப் பேசுவார்கள். பிறகு கீழே இறங்கிப் போய் அக்கா முகத்தைப் பார்ப்பார்கள். அவர் உதட்டைப் பிதுக்கினால் அந்த மெஷின் வாசலோடு திரும்பிவிடும்.

வீட்டில் கதை வேறு. அங்கே அவர் இரண்டாவது மருமகள், அவ்வளவுதான். கணவர் பஸ் டிரைவர். ரோட்டில் லாரிக்குக்கூட வழிவிடாத மனுஷன், அண்ணன் எதிரில் வாயைத் திறக்க மாட்டார். அந்த அண்ணன், அக்காவின் மூத்தார், பாங்கு மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். நகரத்தின் மறுகோடியில் சொந்த வீடு. நாத்தனார் விமானத்தில் போகிற தூரத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். மாமனார் மட்டும் அக்கா வீட்டில் இருந்தார்.

மாமனார் அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை பார்த்தவர். பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. டயபர் போட்டால் ஒரே நாளில் தொடை புண்ணாகிவிடும் என்பதால் பருத்தி விரிப்புகள்தான். ஒரு நாளைக்கு நாலு, சில நாள் ஆறு. காலையில் அக்கா விரிப்பை உருவும்போது கிழவர் குழறலாக ஒரே கேள்விதான் கேட்பார்.

"இன்னைக்குமா?"

"இல்ல மாமா, வேர்வை" என்பார் அக்கா.

வீட்டில் இருந்த பழைய வாஷிங் மெஷின் அந்த வருடம் உயிரை விட்டது. மெக்கானிக் வந்து திறந்து பார்த்துவிட்டு, மூடி வைத்துவிட்டுப் போனான். அதிலிருந்து அக்கா விடியற்காலையில் கையால் துவைத்துவிட்டு ஏழு மணி டியூட்டிக்கு வந்தார். அதுகூடப் பரவாயில்லை, மழைதான் அவரை நோகடித்தது. துவைத்தது காயவில்லை. ஹாலில் குறுக்கும் நெடுக்கும் கொடி கட்டி ஃபேனைப் போட்டும் மூன்று நாள் ஆனது. பாதி ஈரமான விரிப்பை இஸ்திரி போட்டு மாமனாருக்கு விரிக்க வேண்டியிருந்தது.

நாத்தனார் வீடியோ காலில் அப்பாவைப் பார்த்தபோது பின்னால் தொங்கிய கொடிகளையும் பார்த்துவிட்டாள். வாஷரும் டிரையரும் நானே வாங்கித் தருகிறேன், எது நல்லது என்று பார்த்துச் சொல்லுங்கள் என்றாள். அக்கா அன்று ஆஸ்பத்திரிக்கு வந்தபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. எங்களுக்கெல்லாம் அவர் செலவில் டீ.

அவர்கள் வீட்டுச் சலவையறை சமையலறைக்கும் பின்வாசலுக்கும் நடுவில் இருந்தது. ஐந்தடிக்கு நாலடி. அக்கா டேப் வைத்து அளந்து, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் படமே வரைந்துவிட்டார். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, தண்ணீர் எங்கே போகிறது, பிளக் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, எல்லாம் அதில் இருந்தது. முன்னால் கதவு வைத்த வாஷர் கீழே, அதன் தலையில் டிரையர், இரண்டும் ஒரே கம்பெனி. சுவரில் ஓட்டை போட வேண்டாம், டிரையர் பிழிகிற தண்ணீர் ஒரு குழாய் வழியாக அதே சாக்கடைக்குப் போய்விடும். கணவர் அதைப் போட்டோ எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டார். மூத்தார் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு, அடியில் மூன்று வீடியோ அனுப்பினார்.

அந்த வாரத்திலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில் மாநாடு. மூத்தார் முகம் ஒரு கட்டத்தில், நாத்தனார் முகம் ஒரு கட்டத்தில், அக்காவும் கணவரும் ஒரே கட்டத்தில். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மூத்தார் தீர்ப்பு மாதிரி ஒன்றைச் சொன்னார்.

"ரெண்டு மெஷின் எதுக்கு? துவைச்சு காயவெச்சுக் கொடுக்கற மாதிரி ஒரே மெஷின் வந்துடுச்சு."

"அத்தான், அதுல எட்டுக் கிலோ துவைக்கலாம், அஞ்சு கிலோதான் காயும். பாதித் துணியை வெளிய எடுக்கணும். ஒரு தடவைக்கு ஆறு மணி நேரம் ஓடும், அதுவரைக்கும் அடுத்த விரிப்பைத் துவைக்க முடியாது. மாமாவுக்கு அது கட்டுப்படி ஆகாது" என்றார் அக்கா.

"நீ ஆஸ்பத்திரி மெஷினைப் பார்த்துட்டுப் பேசற. வீட்டு மெஷின் வேறம்மா."

நாத்தனாருக்கு அவள் வீட்டில் இருக்கிற மாதிரிதான் வேண்டும். அதற்கு சூடான காற்று வெளியே போகச் சுவரில் ஓட்டை போட்டுக் குழாய் விட வேண்டும். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுப் படுக்கையறை என்று அக்கா சொன்னார். சொல்லிக்கொள்ளலாம் அண்ணி, பேசினால் ஒத்துக்கொள்ளாமலா போவார்கள் என்றாள் அவள். டிரைவர், அண்ணன் சொல்வதும் சரிதான், தங்கச்சி சொல்வதும் சரிதான் என்றார். பொண்டாட்டி சொன்னதைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை.

இப்படியே ஏழு வாரம் ஓடியது. விலை குறையும் என்று ஒரு வாரம் பொறுத்தார்கள், நாத்தனார் ஊரில் இல்லை என்று ஒரு வாரம் மாநாடே நடக்கவில்லை. இதற்கிடையில் மாமனாரின் இடுப்புக்குக் கீழே சின்னதாக ஒரு சிவப்பு தோன்றி, பத்து நாளில் ஐந்து ரூபாய்க் காசளவு புண்ணானது. பார்த்த டாக்டர் மருந்து எழுதிவிட்டு, முக்கியமான மருந்து காய்ந்த துணிதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் அக்கா விரிப்புகளை வீட்டில் துவைத்துப் பிழிந்து, ஒரு பையில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். ஷிப்ட் முடிகிற நேரத்தில் கடைசிச் சுற்று டிரையரில் வார்டுத் துணிகளோடு போட்டு, காயவைத்து எடுத்துப் போனார். மூன்று வாரம் அப்படி நடந்தது. வெளித்துணி எங்கள் மெஷினுக்குள் போகக்கூடாது. அறுவை சிகிச்சை ஆனவர்கள் படுக்கிற துணி அது. கூடத்துக்குப் புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாளே இந்த விதியைச் சொல்லிக் கொடுப்பவர் அக்காதான்.

ஒரு நாள் ஒரு விரிப்பு தவறி வார்டு மூட்டைக்குள் போய்விட்டது. ஓரத்தில் நீலக் கோடு போட்ட விரிப்பு, ஆஸ்பத்திரி முத்திரை இல்லை. அறுவை சிகிச்சை வார்டில் ஒரு பெண்ணுக்கு விரிக்கப் போன நர்ஸ் அதைப் பார்த்துவிட்டார். தொற்றுத் தடுப்புப் பிரிவுக்குச் சொன்னார்கள். விசாரிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. விரிப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே வந்து யாருடையது என்று கேட்டதும், என்னுடையது என்று அக்கா சொல்லிவிட்டார்.

விசாரணைக் கூட்டத்தில் குறிப்பெடுக்க நான் உட்கார்ந்திருந்தேன். வெந்நீரில் துவைத்துத்தான் கொண்டுவந்தேன், ஆனாலும் அது சால்ஜாப்பு, தப்பு தப்புதான் என்றார் அக்கா. மேலதிகாரிக்கு அவர்மேல் இரக்கம்தான். வீட்டில் வேறு யாருமே இல்லையா என்று கேட்டார்.

"இருக்காங்க சார். நிறையப் பேர் இருக்காங்க."

நான் அதை அப்படியே எழுதிக்கொண்டேன்.

ஓய்வுக்கு இரண்டே வருடம் இருந்தது. நடவடிக்கை எடுத்தால் வர வேண்டியதெல்லாம் அடிபடும். தானாகவே விலகுவதாகக் கடிதம் கொடுத்தால் பி.எஃப். சேமிப்பு முழுதாகக் கைக்கு வரும் என்று ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அதை நல்ல வழி என்றுதான் நானும் நினைத்தேன். கடிதத்தை நீட்டியபோது, இரண்டு நாள் யோசிக்கலாமே அக்கா என்றேன். "நீங்கதான் எழுதி முடிச்சுட்டீங்களே" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாநாட்டில் நடந்ததை அவர் பிறகு என்னிடம் சொன்னார். மூத்தாருக்கு அவமானம் தாங்கவில்லையாம். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என் வீட்டில் காயவைத்திருக்கலாமே, இப்படியா ஆஸ்பத்திரி வரைக்கும் போய் மானத்தை வாங்குவது என்றார். இத்தனை வாரமும் அவர் வீட்டு மாடியிலும் அதே மழைதான் பெய்துகொண்டிருந்தது. நாத்தனார்தான் பேச்சை மாற்றினாள்.

"விடுங்கண்ணா. அண்ணி இனிமே வீட்லதானே இருக்கப் போறாங்க. அப்ப டிரையர் எதுக்கு? துவைக்கற மெஷின் மட்டும் போதும். வெயில் வந்தா மாடில போட்டு எடுத்துக்கலாம்."

டிரைவர் தலையாட்டினார். வேலை போனதுகூட அவ்வளவு வலிக்கவில்லை, அந்தத் தலையாட்டல்தான் நெஞ்சில் தைத்தது என்றார் அக்கா.

அடுத்த வாரமே மூத்தார் பார்த்துப் பார்த்து வாங்கிய மெஷின் வந்து இறங்கியது. மேலே மூடி வைத்தது, பன்னிரண்டு கிலோ. கொண்டுவந்த ஆட்கள் சலவையறை வாசலில் அதை நிறுத்தி, நேராகத் தள்ளிப் பார்த்தார்கள், சாய்த்துத் தள்ளிப் பார்த்தார்கள், கதவையே கழற்றிப் பார்த்தார்கள். நுழையவில்லை. டப்பாவைப் பிரித்தாகிவிட்டதால் திருப்பி எடுக்கவும் மாட்டார்கள். ஹாலில் மாமனார் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். சேமிப்புக் காகிதங்களில் கையெழுத்து வாங்க நான் போனபோது அதன்மேல் ஒரு துண்டை விரித்து மருந்துப் பாட்டில்களும் சீப்பும் வைத்திருந்தார்கள். உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு அக்கா கொடியை ஒதுக்கிப் பிடித்தார். குனிந்துதான் நாற்காலிக்குப் போக முடிந்தது.

சேமிப்பு கைக்கு வந்த அன்று அவர் யாரிடமும் சொல்லாமல் கடைக்குப் போனார். விற்கிற பையன் முதலில் மெஷினின் நிறங்களைக் காட்டினான். அக்கா கதவைத் திறந்து கீல் எந்தப் பக்கம் என்று பார்த்தார், டிரம்முக்குள் கையை விட்டுச் சுற்றிப் பார்த்தார், பஞ்சு சேருகிற வலையை உருவிப் பார்த்தார். ஒன்றன்மேல் ஒன்று வைக்கிற சட்டம் இதே மாடலுக்கு உண்டா என்று கேட்டார். மேடம் மெஷின் கம்பெனியில் இருக்கிறீர்களா என்று அவன் கேட்டானாம்.

"இல்ல தம்பி. வேலை போனவ."

மாட்டுகிற ஆட்களுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. வாசலில் இரண்டு பக்கமும் ஒரு விரல் இடம் விட்டு நுழைந்து, உள்ளே கச்சிதமாக உட்கார்ந்தது. அன்று மாலை முதல் விரிப்பைச் சூட்டோடு எடுத்து வந்து, மாமனாரைப் புரட்டி, அடியில் விரித்தார். கிழவர் இடது கையால் துணியைத் தடவிக்கொண்டே இருந்தார். வேலை போன விஷயம் அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பிறகு ஒவ்வொரு சொல்லாகக் கூட்டிச் சொன்னார்.

"முன்னாடியே... வாங்கியிருக்கலாமே."

"ஆமா மாமா. வாங்கியிருக்கலாம்" என்றார் அக்கா.

பதினோரு வாரம் அவர் காய்ந்த விரிப்பில் படுத்தார். புண் ஓரத்தில் ஆறத் தொடங்கியும் நடுவில் ஆறவில்லை. காய்ச்சல் வந்தது, இரண்டாம் நாள் போய்ச் சேர்ந்தார்.

எல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கலைந்த பிறகு, மூத்தாரின் மனைவி சமையலறைப் பக்கம் வந்து நின்றாள். மாமாவே போய்விட்டார், இரண்டு பேர் இருக்கிற வீட்டில் டிரையர் சும்மாதானே இருக்கும், எங்கள் வீட்டில் பேரப்பிள்ளை துணி குவிகிறது என்று மெல்ல ஆரம்பித்தாள். டிரைவர் பக்கத்தில்தான் நின்றார். வழக்கம்போல் தலை அசையப் போகிற நேரம், அக்கா முந்திக்கொண்டார்.

"அது என் வேலை போய் வந்த மெஷின் அக்கா. அதைக் கேக்காதீங்க. ஹால்ல இருக்கறதை எடுத்துக்குங்க, அத்தான் பார்த்து வாங்கினதுதானே."

ஹாலில் இருந்தது மறுவாரம் வண்டியில் ஏறிப் போனது. அதற்குப் பிறகு மூத்தார் வீட்டிலிருந்து போன் வருவது நின்றுவிட்டது. நாத்தனார் மட்டும் வருடத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டு, பிரஷர் எப்படி இருக்கிறது அண்ணி என்று கேட்பாள்.

போன மாதம் பஸ் நிறுத்தத்தில் அக்காவைப் பார்த்தேன். இப்போது ஒரு லாட்ஜில் படுக்கை விரிப்புகள் துவைக்கிறார். பாதிச் சம்பளம், மெஷினும் ஓட்டை மெஷின். அதைச் சொல்லும்போது பழைய மாதிரி உதட்டைப் பிதுக்கிக் காட்டினார். அதன் டிரம் ஒரு பக்கம் சாய்ந்து ஓடுகிறதாம், லாட்ஜ்காரனிடம் சொன்னால் உனக்கு என்ன தெரியும் என்கிறானாம். நான் சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை. வீட்டுக்காரர் எப்படி இருக்கிறார் என்று கேட்டு வைத்தேன்.

நன்றாக இருக்கிறார் என்றார். அந்தத் தலையாட்டலுக்குப் பிறகு அவருடைய டிரைவர் சட்டையை அக்கா தொடுவதே இல்லையாம். சண்டையும் போடவில்லை, காரணமும் சொல்லவில்லை. துவைக்காமல் ஒதுக்கி வைத்தார், அவ்வளவுதான். நாலு நாள் பொறுத்துவிட்டு அவரே பக்கெட்டில் ஊறவைத்தார். புது மெஷின் வந்ததும் எந்தப் பட்டன் என்று கேட்டார், அக்கா காட்டினார். இரண்டு வருடமாக அவரே துவைத்துக்கொள்கிறார்.

"காலர்ல அழுக்கு மட்டும் போக மாட்டேங்குது அவருக்கு" என்றார். "அதுக்கு ஒரு வழி இருக்கு. சொன்னா ஒரு நிமிஷ வேலை."

பஸ் வந்தது. ஏறும்போது திரும்பிப் பார்த்து, "சொல்லல" என்றார்.