எதிர்வீட்டு வைஃபை

கோந்த்வா அபார்ட்மெண்டில் எங்கள் எதிர்வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற மராத்திக்காரர். மனைவி இல்லை, தனியாக இருக்கிறார். கதவில் இரண்டு போர்டுகள். ஒன்று: பெல்லை ஒருமுறை அடித்தால் போதும், காது நன்றாகக் கேட்கிறது. இன்னொன்று: ஒன்று முதல் நான்கு வரை தூங்குகிறேன், உலகம் அழிந்தாலும் நாலரைக்கு வந்து சொல்லவும். எல்லோரையும் போல நானும் அவரைக் காகா, அதாவது மராத்தியில் சித்தப்பா, என்றுதான் கூப்பிடுவேன்.

தெருவைத் தோண்டியவர்கள் எங்கள் நெட் கேபிளை அறுத்துப்போட்ட அன்று, லேப்டாப்பை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவர் வாசலில் போய் நின்றேன். நாலரைக்கு மேல்தான், எனக்கும் உயிர்மேல் ஆசை உண்டு. காலண்டருக்குப் பின்னால் மகள் எழுதிவைத்திருந்த பாஸ்வேர்டை எழுத்தெழுத்தாக வாசித்தார். இரண்டு நாளில் எங்கள் இணைப்பு சரியாகிவிட்டது. நானும் மறந்துவிட்டேன்.

சில மாதம் கழித்து லிஃப்டில் என்னைப் பிடித்துக்கொண்டார். தினமும் மாலை ஆறு மணிக்கு அமெரிக்காவிலிருந்து மகள் வீடியோவில் கூப்பிடுகிறாள். இரண்டரை வயதுப் பேத்தியை அவர் நேரில் பார்த்ததே இல்லை. கொஞ்ச நாளாகப் படம் நின்று நின்று வருகிறது. அவர் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் குழந்தை அலுத்துப்போய் ஓடிவிடுகிறது. "இப்படியே போனா என்னை மறந்துடுவா" என்றார் ஹிந்தியில். போர்டு மாட்டுகிற மனுஷரின் குரல் மாதிரியே இல்லை.

நான் ஹிஞ்சேவாடி சாஃப்ட்வேர் கம்பெனிகளில் பன்னிரண்டு வருடம் குப்பை கொட்டியவன். சும்மா இருப்பேனா? "யாரோ உங்க வைஃபையைத் திருடறாங்க, காகா" என்று தீர்ப்புச் சொன்னேன். பாஸ்வேர்டை மாற்றலாம் என்றதற்கு, மகள் வைத்தது, கை வைக்காதே என்றார். அதோடு விட்டேனா? மேல்மாடியில் இருக்கும் பேச்சலர்களைச் சந்தேகப்பட்டு, நோட்டீஸுக்கு வாசகமும் எடுத்துக்கொடுத்தேன்: 'ஓசியில் நெட் மேய்பவர் கவனத்துக்கு: வெட்கமும் ஓசியில் கிடைத்தால் வாங்கிக்கொள்ளவும்.' அவர் அதை மராத்தியில் இன்னும் காரமாக்கி லிஃப்டுக்குள் ஒட்டினார். தினமும் அதைப் படித்துச் சிரித்தபடி போய்வந்தேன்.

ஒருநாள் மாலை வழக்கம்போல வீட்டிலிருந்தே மீட்டிங்கில் முழங்கிக்கொண்டிருந்தேன். சமையலறை பிளக் பாயிண்ட் வேலை செய்யாததால் மனைவி ஹாலில் மிக்சி போட்டுச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று நிறுத்தினாள்.

"ஏனுங்க, நம்ம வைஃபை பிளக்கப் புடுங்கிட்டுத்தான் மிக்சியவே சொருகுனேன். நீங்க எப்புடி இன்னும் பேசிட்டிருக்கறீங்க?"

லேப்டாப்பில் எந்த இணைப்பு என்று பார்த்தேன். காகாவுடையது. அன்றைக்குப் பிடித்துக்கொண்டது விடவே இல்லை. தினமும் மாலை ஐந்திலிருந்து ஏழு வரை நான் முகம் காட்டிப் பேசிய மீட்டிங், இறக்கிய கோப்பு எல்லாம் அவர் தலையில்.

உடனே துண்டித்தேன். உண்மையைச் சொன்னேனா என்றால் இல்லை. எதிர்வீட்டுக்குப் போய், ஏதோ ரிப்பேர் செய்பவன்போல அவர் ரூட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இப்ப சரியா வரும் காகா" என்றேன். நன்றி சொல்லி உட்கார வைத்தார். அந்த நன்றியையும் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

ஆறு மணிக்கு அழைப்பு வந்தது. படம் பளிச்சென்று இருந்தது. குழந்தை திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தது, வாயைப் பாதி திறந்தது, அப்படியே அசையாமல் உறைந்துவிட்டது.

"பார், மறுபடியும் போச்சு" என்று காகா டேப்லெட்டைத் தட்டினார்.

பின்னால் மகள் காபி குடித்துக்கொண்டிருந்தாள். "நெட் நல்லாத்தான் இருக்கு பாபா. தினமும் இப்படித்தான் விளையாடுவா. ஆஜோபான்னு சொன்னா, நீங்க திரையில உறைஞ்சு நிக்கறதைத்தான் செஞ்சு காட்டுவா."

ஆஜோபா என்றால் தாத்தா.

காகா சிரித்தார். "காகா, அந்தத் திருடன் நான்தான்" என்றேன்.

அவர் திரும்பவே இல்லை. குழந்தையைப் பார்த்து, 'ஆஜோபா அசையறேன் பார்' என்பதுபோல் தலையை இப்படியும் அப்படியும் வேகமாக ஆட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.