சங்கு ஊதிய காலை

எங்கள் தோட்டத்துத் தேயிலை ஃபெக்டரியை மூடியபிறகு வேலை நேரம் சொல்லும் சங்கு ஊதுவதில்லை. கொழுந்தை லொறியில் ஓப்பநாயக்கப் பக்கத்து ஃபெக்டரிக்குக் கொண்டுபோகிறார்கள். கொழுந்து அரைக்கும் மெஷினில் நின்ற எனக்கு வேலை போய்விட்டது. சங்குச் சத்தத்துக்கு எழும்பி, சங்குச் சத்தத்துக்குச் சாப்பிட்ட உடம்பு இது. இப்போது எனக்குப் பசிக்கிறதா என்று மனைவியிடம்தான் கேட்டுக்கொள்கிறேன்.

போன மாதம் ஒரு காலை திடீரென்று சங்கு ஊதியது. ஃபெக்டரியைத் திறந்துவிட்டார்கள் என்று பழைய காக்கிக் காற்சட்டையை மாட்டினேன். உடம்பு வற்றியதில் அது இடுப்பில் நிற்கவில்லை. ஒரு கையால் பிடித்தபடியே ஓடினேன். மனைவி ரொட்டியைக் கட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்து பையில் திணித்தாள்.

ஃபெக்டரி வாசலில் என்னைப்போல ஓடிவந்தவர்கள் அண்ணாந்து நின்றார்கள். கூரைமேல் சங்குக்குப் பக்கத்தில் பழைய இரும்பு வாங்குகிறவர் நின்றார்.

"கழட்ட முந்தி ஊதுதான்னு பாத்தேன். ஏன் எல்லாரும் ஓடி வாறீங்க?"

"சும்மாங்க, காலையில ஓடிப் பழக்கம்" என்றேன்.

"வந்ததுதான் வந்தீங்க, எறக்க ஒரு கை குடுங்க."

சங்கை இறக்கி அவருடைய லொறியில் ஏற்றினோம். நான் ஒரு கைதான் கொடுத்தேன். மற்றதை எடுத்தால் காற்சட்டை இறங்கிவிடும்.