ஐந்து ஆம்பியர் போதும்

சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். இது நடந்தது. 1984, மே மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. அதுவும் பட்டப்பகலில். பேய்க்கு ராத்திரிதான் வேண்டும் என்று உங்களுக்கு யார் சொன்னது?

தைரியராஜ் பாலக்கரையில் கார் எலெக்ட்ரீஷியன். தொழிலில் மகா கறார். "ஃபியூஸ் செட்டுக்கு இல்லய்யா, வயருக்கு. வயர் எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் போடணும்" என்று வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் பாடம் எடுப்பான். போன ஃபியூஸில் சிகரெட் பாக்கெட் ஜிகினாப் பேப்பரைச் சுற்றிக்கொண்டு வரும் டிரைவர்களை அவன் திட்டினால் தெருவுக்கே கேட்கும்.

வீட்டில் மட்டும் அவனுக்கு வாய் கிடையாது. காரணம் இருக்கிறது. அவன் பார்த்த மாப்பிள்ளை வேண்டாம் என்று சொன்ன தங்கை ரோசரியைக் கை நீட்டி அடித்துவிட்டான். மறுநாள் அவளைக் காணோம். இரண்டு வருஷம் ஆகிவிட்டது. இருக்கிறாளா செத்தாளா, தெரியாது. அன்றிலிருந்து அம்மா சகாயம்மாள் அவன் முகத்தைப் பார்த்துச் சிரித்ததில்லை. தங்கையை அவன் தேடாத ஊர் இல்லை, பாவம்.

அந்த வெள்ளிக்கிழமை டாக்ஸிக்காரர் நிஜாமுதீன் தன் அம்பாசடரைக் கொண்டுவந்து நிறுத்தினார். தைரியராஜ் பூட்டிக்கொடுத்த டேப் செட்டில் ஐந்து ஆம்பியர் ஃபியூஸ் மூன்று தடவை போய்விட்டதாம். மூன்றும் கொள்ளிடம் பாலத்தில். மூன்றும் உச்சி வேளையில்.

"பெருசா ஒண்ணு போட்டு விடுங்க தம்பி."

"வயர் எரிஞ்சிடும் பாய். வாங்க, நானே கூட வந்து பாக்குறேன்."

புது ஃபியூஸ் போட்டு, அந்த லைனில் ஆம்பியர் மீட்டரை மாட்டி மடியில் வைத்துக்கொண்டான். செட்டை ஆஃப் பண்ணி வைத்தான். உள்ளே கேசட்கூட இல்லை. ஸ்ரீரங்கம் தாண்டி வண்டி பாலத்தில் ஏறியது.

மணி 12.11. பாலத்தின் நடுவில் முள் அசைந்தது.

ஒன்று... மூன்று... ஐந்து...

ஸ்பீக்கரில் கர்ர்ர் என்று ஓர் இரைச்சல். அப்புறம் ஒரு பெண் குரல்.

"அண்..."

டிக். ஃபியூஸ் போய்விட்டது.

நிஜாமுதீன் வண்டியை ஓரம் கட்டினார். தைரியராஜ் போன ஃபியூஸைப் பிடுங்கினான். ஐயோ, அந்தக் குரல் அவனுக்குத் தெரியாதா?

பையில் பத்து ஆம்பியர் கிடந்தது. யார் கேட்டாலும் போடாதவன், போட்டான்.

12.15. முள் ஏறியது. ஆறு... எட்டு... வயர் கையைச் சுட்டது.

"அண்ணே... நான்..."

டிக்.

"வேணாம் தம்பி" என்றார் நிஜாமுதீன். அவர் சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. "உச்சி நேரத்துல கூப்பிட்டா பதில் சொல்லக் கூடாது. கிளம்பிருவோம்."

"என் தங்கச்சி பாய்!"

பையில் வேறு ஃபியூஸ் இல்லை. ஒரு வயரைப் பல்லால் கடித்துச் செம்புக் கம்பியை உருவினான். போன ஃபியூஸ் மேல் சுற்றினான். செருகினான்.

12.19.

முள் கடைசிவரை போய் முட்டி நின்றது. புகை... ரப்பர் தீயும் நாற்றம்...

"அண்ணே... நான் வீட்டுக்கு வரட்டா?"

தைரியராஜ் அழுதேவிட்டான்.

"வாம்மா... வா!"

இரைச்சல் நின்றது.

குப்பென்று டேஷ்போர்டில் தீ. இரண்டு பேரும் கதவைத் திறந்து குதித்தார்கள். கீழே கொள்ளிடம் வெறும் மணலாகக் கிடந்தது. ஒரு குடம் தண்ணீருக்கு வழியில்லை. வண்டி எரிந்து முடிகிறவரை நின்று பார்த்தார்கள். வேறென்ன செய்ய முடியும்?

மாலை 5.40க்குப் பொன்மலைப்பட்டி வீட்டுக்கு வந்தான். கதவிடுக்கில் தபால்காரர் செருகிவிட்டுப் போன இன்லண்ட் கடிதம். ரோசரியின் கையெழுத்து!

நாக்பூரில் இருக்கிறாளாம். கல்யாணம் ஆகிவிட்டதாம். போன வாரம்தான் பிள்ளை பெற்றாளாம். இப்போதைக்கு ஊர்ப் பக்கம் வர முடியாதாம்.

தங்கை உயிரோடு இருக்கிறாள். சந்தோஷம் வர வேண்டும். வரவில்லை. அப்படியானால் பாலத்தில் அவன் வா என்று சொன்னது...

"அம்மா!"

அம்மா வெளியே வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. உதட்டில் விரலை வைத்தாள்.

"கத்தாதடா. இப்பத்தான் கண்ண மூடுனா."

"யா... யாரும்மா?"

"ரோசரிதான். பன்னெண்டு இருபதுக்கு வந்து கதவத் தட்டுனா. எப்படிடி வந்தேன்னு கேட்டேன். அண்ணன் வரச் சொல்லுச்சுன்னா."

அவன் கையில் நாக்பூர்க் கடிதம்.

உள்ளே யாரோ புரண்டு படுத்தார்கள்.