ரயில் அட்டையா, மழை அட்டையா

பஞ்சுத் தூசியும் மெஷின் எண்ணெயும் கலந்த அந்த வாசனை... திருப்பூரில் நிட்டிங் யூனிட்டுக்குள் நுழைந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் மூக்குக்கு முன்னால் காதுக்குத்தான் அடி விழும். இருபது மெஷின் ஒரே நேரத்தில் ஓடினால், பக்கத்தில் நிற்பவரிடம்கூடக் கையைக் காட்டித்தான் பேச வேண்டும்.

2005, 2006 இருக்கும். நான் அங்கே மெர்ச்சண்டைசர். துணி வாங்கும் வெளிநாட்டுப் பையர்களின் மெயில், சாம்பிள், ஆடிட் ஃபைல் எல்லாம் என் தலையில். ஜெபராஜ் நிட்டிங் ஆபரேட்டர். தூத்துக்குடிப் பக்கத்து ஆள், என்னைவிட மூன்று வயது சின்னவன். திருப்பூர் ராயபுரத்தில் வாடகை ரூம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கிட்டார் வாசிப்பான்.

எங்களைச் சேர்த்து வைத்தது ஒரு வெளிநாட்டுப் பாடகர். பையர் ஆபீஸிலிருந்து வந்த ஒருவர் அவருடைய மூன்று சிடியை எங்கள் ஆபீஸிலேயே விட்டுவிட்டுப் போனார். கிட்டார், கரகரத்த குரல், சோகத்தை இழுத்து இழுத்துப் பாடும் ப்ளூஸ். எழுதுவதும் அவரே, பாடுவதும் அவரே. ஆல்பம் பெயர்கள் எங்கள் வாயில் நுழையவில்லை. அட்டைப் படத்தைப் பார்த்து நாங்களே பெயர் வைத்தோம்... ரயில் அட்டை, நாற்காலி அட்டை, மழை அட்டை.

டீ டைமில் வேறு பேச்சே கிடையாது. ரயில் அட்டைதான் பெஸ்ட் என்பேன் நான். அதில் கோபம் இருக்கும், டிரம்ஸ் அதிரும். நாற்காலி அட்டை இரண்டு பேருக்குமே ஆகாது; யாரையோ திருப்திப்படுத்தப் பாடியிருக்கிறார் என்று தீர்ப்பே எழுதிவிட்டோம். மழை அட்டைக்கு ஜெபராஜ்தான் வக்கீல். கடைசிப் பாட்டில் எல்லாம் அடங்கிய பிறகு, மெல்லிய கம்பி ஒன்றை மட்டும் அவர் விரல் நுனியால் தொட்டுத் தொட்டு விடுவார். அதை எனக்குச் சுட்டிக்காட்டியதே அவன்தான்.

தீபாவளிக்கு எனக்குப் பரிசாக வந்த குட்டி எம்பி3 பிளேயரை அவனுக்குக் கொடுத்தேன். இந்த இரைச்சலைக் கேட்பதற்குப் பாட்டையாவது கேளுங்க தம்பி என்று அறிவுரை வேறு. அவன் ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொள்வான். இன்னொரு காது மெஷினுக்கு. ஊசி உடைந்தால் மெஷின் சத்தம் லேசாக மாறும்; அவனுக்கு உடனே தெரிந்துவிடும். அந்த இரைச்சலையும் மீறிப் பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் சவுண்டை எவ்வளவு வைக்க வேண்டும்... அது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

காதடைப்பான் இல்லாமல் இல்லை. தொழிலாளர் பாதுகாப்பைச் சோதிக்க பையர் அனுப்பும் ஆடிட் வரும் நாள் காலையில் நானே ஆளுக்கு ஒரு ஜோடி கொடுப்பேன். ஆடிட்டர் கார் கேட்டைத் தாண்டியதும் நானே டப்பாவில் திரும்ப வாங்கி வைப்பேன். தினமும் கொடுப்பதாக ஃபைலில் கையெழுத்துப் போட்டதும் நானே. அப்போது அது தப்பாகவே படவில்லை.

ஒன்றரை வருடம் போயிருக்கும். ஒருநாள் டீ டைமில் ஜெபராஜ் கட்சி மாறினான். ரயில் அட்டைதான் நல்லா இருக்குக்கா என்றான். மழை அட்டையில் கடைசி ஒரு நிமிஷம் சும்மா காலியாகக் கிடக்கிறதாம். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இப்பவாவது வழிக்கு வந்தீங்களே என்றேன். ஜெயித்துவிட்ட சந்தோஷம் எனக்கு. சே...

அடுத்த மாதமே அவன் மெஷினில் ஊசி உடைந்தது. அவனுக்குத் தெரியவில்லை. துணி அதுபாட்டுக்கு ஓடி, நாலு ரோல் முழுக்க நீளமாகக் கோடு விழுந்துவிட்டது. ஓனர் எங்கள் இருவரையும் கேபினுக்குக் கூப்பிட்டார்.

"ஏனுங்க சுமதி, இந்தத் தம்பி பாட்டுக் கேட்டுட்டேதான் மெஷின் ஓட்டுனாப்லயா?"

அந்த வாரம் முழுக்க பிளேயர் என் மேஜை டிராயரில் கிடந்தது. ஒயர் அறுந்துவிட்டது என்று கொடுத்திருந்தான். நான் மாற்றித் தர மறந்துவிட்டேன். அவன் காதில் எதுவும் இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். பாட்டு இல்லையென்றால் காதுதான் காரணம். காது என்றால் டாக்டர், டெஸ்ட், அப்புறம் ஃபைல், என் கையெழுத்து... மழை அட்டையின் கடைசி நிமிஷம் அவனுக்கு ஏன் காலியாகக் கிடந்தது என்பதும் அந்த நொடியில்தான் புரிந்தது. பயம் வந்துவிட்டது எனக்கு.

"ஆமாங்க. எப்பவும் மாட்டிட்டுத்தானுங்க இருப்பாரு."

ஜெபராஜ் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

கேட் வரைக்கும் கூடப் போனேன். அவன்தான் பேசினான்.

"நீங்க அப்படிச் சொன்னது நல்லதாப் போச்சுக்கா. பாட்டு கேட்டதுக்கு வெரட்டுனாங்கன்னா வேற கம்பெனில சேத்துக்கிடுவான். காது கேக்கலன்னா எவன்க்கா மெஷினக் குடுப்பான்?"

எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனான். திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும்.

இப்போது அந்த மூன்று ஆல்பமும் என் போனில் இருக்கின்றன, இன்னும் துல்லியமான சத்தத்தில். ரசிகர் குரூப் ஒன்றிலும் இருக்கிறேன். எது பெஸ்ட் என்று வாரம் ஒரு சண்டை நடக்கும். எல்லோரும் விவரமானவர்கள், அந்தக் காலத்தில் நாங்கள் பேசியதெல்லாம் வெறும் உளறல் என்று தோன்றும். ஆனாலும் அந்த டீ டைம் ருசி இதில் இல்லை. நான் ஓட்டுப் போடுவதில்லை.

போன மாதம் ஒருவழியாக அவன் நம்பர் கிடைத்தது. எடுத்தது அவன் மனைவி. ஊரிலேயே சின்னதாகக் கடை வைத்திருக்கிறார்களாம்.

"அவியளுக்குச் சுத்தமாக் காது கேக்காதுக்கா. பாட்டக் கேட்டுக் கேட்டே வேலையத் தொலைச்ச மனுசன். என்ன விஷயம்னு எங்கிட்டச் சொல்லுங்க, நான் சத்தமாச் சொல்லுதேன்."

மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிட்டேன். இத்தனை வருடமாக மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்த வார்த்தைகள். அதை அந்தப் பெண் தெருவுக்கே கேட்கும்படிக் கத்த வேண்டும்.

நல்லா இருக்காரான்னு மட்டும் கேளுங்க என்றேன்.

கத்திக் கேட்டாள். உள்ளேயிருந்து அவன் குரல் வந்தது. தன் சத்தம் தனக்கே தெரியாத ஒரு பெரிய குரல்.

"நல்லா இருக்கேன்னு சொல்லு."