சம்பல் செல்லும், தம்பி செல்லாது

இன்றைக்கும் தட்டில் மிளகாய்ச் சம்பலைப் பார்த்தால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். நாக்கில் எச்சில் ஊறுவதெல்லாம் அதற்கப்புறம். சம்பல் மேல் குற்றமில்லை. குற்றம் எங்கள் வெள்ளைக்கார மிஸ் மேல்.

வெள்ளைக்காரர்கள் சிங்கப்பூரை இன்னும் ஆண்டுகொண்டிருந்த சமயம் அது. சிராங்கூன் ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கடைவீட்டின் மாடியறையில் இருந்தோம். நான் படித்தது ஆங்கிலப் பள்ளி. வானொலியில் சிறுவர்களுக்கு ஆங்கில வார்த்தைப் போட்டி நடக்கப்போகிறது, நம் வகுப்பிலிருந்து ஒருவரை அனுப்ப வேண்டும் என்று மிஸ் சொன்ன நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மாவோ என் குரல் வானொலியில் வரப்போவதாகத் தேக்கா மார்க்கெட் மீன்காரர் வரைக்கும் சொல்லிவிட்டார். இன்னும் ஆளே தேர்ந்தெடுக்கவில்லை என்பதை அவர் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை.

தேர்வு நாளன்று மிஸ் கரும்பலகையில் ஏ, எம், பி என்று மூன்று எழுத்துகளை எழுதினார். இந்த மூன்றும் உள்ளே வருகிற ஆங்கில வார்த்தைகளை எழுத வேண்டும், எந்த வரிசையில் வந்தாலும் சரி. சொல்லும்போது வாயில் வராத பி-யோடு ஆட்டுக்குட்டி 'லாம்' (lamb) வந்தது. பேம்பூ, ஆல்பம், ஆம்புலன்ஸ் எல்லாம் வந்தன. அப்புறம் ஒன்றும் வரவில்லை. பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் அப்பாவின் ஆபீஸ் ஞாபகம் வந்தது.

அப்பாவுக்குக் கடலோரத்தில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் வேலை. ஒருமுறை அம்மாவோடு அவருக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். நடையில் ஒரு பலகை, அதில் வரிசையாக மணிப் பொத்தான்கள், ஒவ்வொன்றின் கீழும் அச்செழுத்தில் ஒரு பெயர். ஒன்றின் கீழ் TAMBY என்றிருந்தது. மீசைகூடச் சரியாக முளைக்காத ஒரு துரை அறைக்குள்ளிருந்து 'டாம்பி' என்று கூப்பிட்டார். சட்டையின் பித்தளைப் பொத்தான் மின்ன அப்பா ஓடிப்போய் 'எஸ் சார்' என்றார். மேனேஜர், கணக்கெழுதும் கிராணி என்பதுபோல டாம்பி என்பதும் ஒரு பதவி என்று எனக்கு ஒரே பெருமை.

அது தமிழ்த் 'தம்பி'யாக இருக்க வழியே இல்லை. அப்பா வீட்டுக்கு மூத்தவர், அவருக்குக் கீழே நாலு சித்தப்பாக்கள். எங்கள் தெருவே அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடும். தமிழ் பேசுகிற யாரும் அப்படிக் கூப்பிடாதபோது அது ஆங்கிலமாகத்தானே இருக்க வேண்டும்? இதைவிடத் தெளிவாக நான் எதையும் யோசித்ததில்லை. பலகையில் இருந்தபடியே TAMBY என்று எழுதிவிட்டேன்.

எனக்கும் ஒரு சீனப் பெண்ணுக்கும்தான் போட்டி. அவள் தாளில் கடைசியாகச் சம்பல் இருந்தது. மிஸ் சிரித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கறிச் சாப்பாட்டில் தானும் சம்பல் சாப்பிடுவதாகச் சொல்லி அதற்கு மதிப்பெண் போட்டார். என் தாளுக்கு வந்ததும் டாம்பி மேல் சிவப்புப் பென்சிலால் ஒரே கோடு. இது உங்கள் பாஷை, ஆங்கிலமில்லை என்றார். அந்த ஒரு வார்த்தையில் நான் தோற்றேன்.

எழுந்து நின்று கேட்டேன். பள்ளிக்கூடத்து மணியடிப்பவரை நீங்களே அப்படித்தானே கூப்பிடுகிறீர்கள் என்றேன். அது அவன் பெயர் என்றார் மிஸ். தலை முழுக்க நரைத்த அந்த மனிதரின் பெயர் வேறு என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும், மிஸ்ஸுக்கு மட்டும் தெரியாது. என்ன அநியாயம் பாருங்கள். எங்கள் வார்த்தையை எடுத்துத் தலை நரைத்தவர்களை அதட்டிக் கூப்பிட வைத்துக்கொள்வார்களாம், நாங்கள் அதை எழுதினால் மட்டும் அது ஆங்கிலமில்லையாம்.

சாயங்காலம் அப்பா மறுநாளைக்கான சட்டையின் பொத்தான்களைப் புளிவைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் கோர்ட்டில் வழக்குச் சொல்வதுபோல எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

"நாளைக்கு நீங்க வந்து மிஸ்கிட்ட சொல்லுங்கப்பா. அது இங்கிலீஷ்தான், உங்க ஆபீஸ்ல எழுதியே போட்டிருக்குன்னு சொல்லுங்க."

அப்பாவின் கை நின்றது.

"எத்தனையோ வார்த்தை இருக்கேம்மா. உனக்கு அதுதானா கெடச்சுது?"

அவ்வளவுதான். மறுபடியும் பொத்தானைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார். அம்மா என்னை முறைத்து, போய் முகத்தைக் கழுவு என்றார். சாட்சி சொல்ல வேண்டியவரே எதிராளி பக்கம் சேர்ந்துகொண்டால் யாருக்குத்தான் ஆத்திரம் வராது? ஒரு மணி நேரம் லீவு கேட்கக்கூட அப்பாவுக்கு மனசில்லை என்று நினைத்துக்கொண்டேன். அவரோடு நான் சரியாகப் பேசவில்லை.

அடுத்த வாரம் சம்பல்காரி வானொலியில் பேசினாள். கீழே காப்பிக்கடையில் வானொலியைச் சத்தமாக வைத்திருந்தார்கள். நான் காதைப் பொத்திக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். மீன்காரரிடம் அம்மா எனக்குத் தொண்டைக்கட்டு என்று சொல்லிச் சமாளித்தார்.

மறுநாள் அப்பா வேலை முடிந்து வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் என் பக்கத்தில் உட்கார்ந்தார். மறந்துவிடும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார்.

"அம்பாசடர்," என்றார். "பெரிய கிராணிகிட்ட கேட்டேன். ஏ, எம், பி மூணும் இருக்காம். ஒரு நாட்டுக்காக வேற நாட்டுல போய் இருக்கறவராம். ரொம்பப் பெரிய உத்தியோகம்லா. நீ எழுதினத அழிச்சிட்டு இதைப் போட்டுக்கம்மா."

"போட்டிதான் முடிஞ்சு போச்சேப்பா. இனிமே எதுக்கு?"

அப்பா சரி என்று தலையாட்டிவிட்டு எழுந்துபோய்ச் சட்டையைக் கழற்றினார். எனக்கு அப்போதும் கோபம்தான். ஒரு வாரம் தாமதமாக வந்த வார்த்தை யாருக்கு வேண்டும்? போட்டித் தாளில்தான் அவர் அதை மாற்றச் சொல்கிறார் என்று நான் நினைத்திருந்தேன்; என் மனசில் பதிந்திருந்த அந்த மணிப்பலகையில் என்று தோன்றவே இல்லை.