பூசணிக்காய்க் கரி

அடையாற்றங்கரைச் சந்தில் குடியிருந்த தேவானைக்குச் சலவைதான் பிழைப்பு. கஸ்தூர்பா நகர் அடுக்ககங்களின் துணிகளைக் கைப்பம்புத் தண்ணீரில் துவைத்து, தேய்த்துக் கொடுப்பாள். நிலத்தடியில் சாக்கடை கலந்ததிலிருந்து பம்புத் தண்ணீர் மஞ்சளித்தது. வெள்ளைச் சட்டைகளில் வாடை ஏறியது. வாடிக்கை வீடுகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. அந்தச் சமயத்தில்தான் ஒரு கல்லூரிக் குழு வந்து, காற்று அதிகம் புகாமல் சுட்ட பழத்தோல் கரி தண்ணீரின் அழுக்கையும் வாடையையும் பிடித்துவைக்கும் என்று செய்துகாட்டியது. குடிக்க ஆகாது, புழங்கலாம் என்று சொல்லி, மூடி போட்ட இரும்பு டிரம்மையும் குழாய் வைத்த நீலப் பீப்பாயையும் பம்படியில் விட்டுச் சென்றது. சந்து அதை மறந்தது, தேவானை பற்றிக்கொண்டாள்.

தி. நகர் ஜூஸ் கடைகளின் சாத்துக்குடித் தோலை லோடு ஆட்டோக்காரர் அக்பர் பாஷா தேவானைக்காக அள்ளி வருவார். அவர் மனைவி வஜீஹா அதை மொட்டைமாடியில் காயவைத்து மூட்டை கட்டித் தருவாள்.

ஆயுத பூஜை கழிந்த சில நாட்களில் பீப்பாய்க் கரி வலுவிழந்தது. சந்தின் பெரிய மனிதர் தங்கவேல் பீப்பாயைக் காலால் தட்டினார்.

“ஞாயித்துக்கெழமையும் தண்ணி நாறுச்சுன்னா இது இங்க இருக்காது. ரெண்டு பைக்கு நிக்கிற எடத்த அடச்சிக்கினு கீது.”

“புதுக் கரி போட்டுடறேன்ணே” என்றாள் தேவானை.

ஞாயிறு காலை, மூட்டையை அப்படியே கொட்டிச் சுட்டு ஆறவிட்ட டிரம்மைத் தேவானை திறந்தாள். பக்கத்து வீட்டு ஜோதிலட்சுமி, இடுப்பில் கைக்குழந்தையோடு, ஒரு கையால் கரியைக் கிளறினாள். அவள் விரலில் கறுத்த ஒற்றை ரூபாய் நாணயம் தட்டுப்பட்டது. அடுத்து இன்னொன்று.

“யக்கா, பழத்தோல்ல காசு ஏது?”

தேவானை, இன்னொரு மூட்டையோடு வந்திருந்த அக்பர் பாஷாவைத் திரும்பிப் பார்த்தாள்.

“பாய், மூட்டைல இன்னா போட்ட?”

“பூஜைக்குக் கடயெல்லாம் லீவும்மா. தோலு கெடைக்கல. முச்சந்திக்கு முச்சந்தி பூசணிக்கா ஒடஞ்சு கெடந்துச்சு. வீணாத்தானே போவுதுன்னு அள்ளினேன். அதுல காசு வெப்பாங்கன்னு எனக்கு இன்னா தெரியும்?”

ஜோதிலட்சுமி கரியை உதறிவிட்டுக் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டாள். கடைக்கும் வண்டிக்கும் சுற்றிப்போட்ட பூசணிக்காயை யாரும் மிதிக்கக்கூட மாட்டார்கள், சுற்றிக்கொண்டுதான் போவார்கள்.

“ஊரு கண்ணயெல்லாம் கரைச்சு எம்புள்ள மேல ஊத்தப் பாத்தியாக்கா?”

“தூக்குங்கடா பீப்பாய!” என்றார் தங்கவேல்.

இரண்டு பேர் முன்னே வந்தார்கள். அக்பர் பாஷாவின் முகம் வெளுத்தது. “அல்லா சத்தியமா தெரியாதும்மா” என்று முனகினார். தேவானை பீப்பாயின் முன்னால் வந்து நின்றாள்.

“ஜோதி, உம்புள்ளைக்குக் கண்ணு பட்டா இன்னா பண்ணுவ?”

“உப்பு மொளகா சுத்துவேன்.”

“சுத்தி எங்க போடுவ?”

“அடுப்புல.”

“இதுவும் நெருப்புல வெந்துதானே வந்துது? வெந்ததுல ஏதுடி கண்ணு?”

முன்னே வந்தவர்கள் தங்கவேலைப் பார்த்தார்கள். அவர் அந்தக் கரியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இடைவெளியில் தேவானை கரியை அலசி, இடித்து, மணலுக்கும் கூழாங்கல்லுக்கும் நடுவே பரப்பினாள். அக்பர் பாஷா பம்பை அடித்துப் பீப்பாயை நிரப்பினார்.

குழாயில் முதலில் கறுப்பாக வந்தது. யாரோ சிரித்தார்கள். பிறகு சாம்பல் நிறம். நெடுநேரம் கழித்துத் தெளிந்தது. தங்கவேல் உள்ளங்கையில் ஏந்தி மோந்தார், மறுபடியும் மோந்தார். நாற்றம் இல்லை.

“எங்க வூட்டுக்கு இது வேணாம்” என்றார். “எவளாவது புடிச்சா இருக்கட்டும். இல்லன்னா தூக்கிடுவேன்.”

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தேவானை யாரையும் கூப்பிடவில்லை. தண்ணீர் தரையில் ஓடியது.

ஜோதிலட்சுமி குழந்தையைப் பக்கத்தில் நின்ற மாமியார் கையில் கொடுத்துவிட்டு, ஒரு வாளியைக் கொண்டுவந்து குழாய்க்குக் கீழே வைத்தாள்.

“துணிக்கு மட்டுந்தான்க்கா” என்றாள். “புள்ளைக்கு லாரித் தண்ணிதான்.”

“துணிக்கே புடிடி” என்றாள் தேவானை.